போகாதே, மறுபடியும் ஒரு தடவை

அத்தியாயம் பதினேழு

அவன் பதில் சொல்ல வேண்டிய நாளும் தொண்டையைக் கொப்பளிப்பதில்தான் தொடங்கியது.

வெந்நீரில் உப்பு. பிறகு உதடுகளைத் தளர்த்துகிற பயிற்சி. பிறகு ககர வரிசை, தகர வரிசை. குளியலறைக் கதவுக்குப் பின்னாலிருந்து வந்த ஓசைகளை அவள் சமையலறையில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். தேநீர் ஆறிக்கொண்டிருந்தது. இன்றைக்காவது அவன் கதவைத் திறந்ததும் முதலில் அதைச் சொல்லிவிடுவான் என்று ஒரு பக்கம் மனசு சொன்னது. இன்னொரு பக்கம் அது பேசாமல் இருந்தது.

போன வாரம் சாப்பாட்டு மேசையில் அவள் கேட்டது சின்னக் கேள்விதான். வேறு ஊரில், நீதிமன்றங்களுக்கு வருகிற ஒலிப்பதிவுகளைச் சுத்தம் செய்து கொடுக்கிற அலுவலகம் ஒன்று அவளை வேலைக்குக் கூப்பிட்டிருந்தது. போகவா, இருக்கவா? கேள்வி வேலையைப் பற்றியது இல்லை என்று இருவருக்குமே தெரியும். அவன் தட்டைப் பார்த்தபடி, வியாழக்கிழமை சொல்றேன் என்றான். அந்த அலுவலகமும் வியாழக்கிழமை மாலைக்குள் பதில் கேட்டிருந்தது.

கதவு திறந்தது. அவன் துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டே, "இன்னிக்கு என் குரல் கொஞ்சம் கனமா இருக்குல்ல?" என்று கேட்டான்.

இருக்கிறது என்றாள். தேநீரைத் திரும்பச் சுட வைத்தாள்.

வீட்டில் அவனுக்கு மைக் என்று பெயர். தங்கை வைத்தது. பள்ளிக்கூடத்தில் யார் பேச வராவிட்டாலும் இவனை மேடையில் ஏற்றுவார்கள், இறக்குவதுதான் கஷ்டம் என்பாள். இப்போது வாராவாரம் அவனுடைய பாட்காஸ்ட்டைக் கேட்க ஒரு பெரிய கூட்டமே இருக்கிறது. உறவுகளைப் பற்றிப் பேசுவான். இருபத்தைந்தில் வேலை, முப்பதுக்குள் கல்யாணம், அதற்குள் குழந்தை, அதற்குள் வீடு என்று ஓடுகிறவர்களிடம், இந்த மைல்கல்லை நட்டது யார், நட்டவன் உங்கள்கூட நடந்து வரப்போகிறானா என்று கேட்பான். உறவு என்பது உணர்ச்சி இல்லை, உழைப்பு என்பான். கேட்டுவிட்டுப் பிரிந்தவர்கள் சேர்ந்ததாக எழுதுகிறார்கள். ஒருத்தி தன் கணவனை மன்னித்துவிட்டேன் என்று அழுதுகொண்டே குரல் அனுப்பியிருந்தாள்.

அதையெல்லாம் வெட்டி, ஒட்டி, மூச்சையும் இருமலையும் எடுத்துவிட்டு, கேட்கத் தக்கதாக ஆக்குவது அவள். பத்துப் பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரே ஒலிப்பதிவுக் கூடத்தில் வேலை பார்த்தபோதுதான் பழக்கம். அப்போதிலிருந்து அவனுடைய குரலைக் கேட்பதுதான் அவளுடைய தொழில்.

அவன் சொல்கிற எதிலும் அவளால் தப்புக் கண்டுபிடிக்க முடிந்ததில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது.

தங்கை காலையிலேயே வந்துவிட்டாள். மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. இன்று விடுப்பு. வீட்டில் அவளுக்கு வாலு என்று பெயர், கல்யாண வயது தாண்டியும் அது மாறவில்லை. வந்ததும் அண்ணியின் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, திருகை முடுக்கி மாட்டிவிட்டாள். அண்ணன் உலகத்துக்கே பார்வை கொடுக்கிறான், அண்ணி கண்ணாடி மூக்கில நிக்க மாட்டேங்குது என்றாள்.

இன்றைய பதிவு விசேஷமானது. நிகழ்ச்சிக்கு விளம்பரம் கொடுக்கிற மெத்தைக் கம்பெனி, மனைவியோடு உட்கார்ந்து ஒரு நிகழ்ச்சி செய்யச் சொல்லிக் கேட்டிருந்தது. பத்து வருஷ வாழ்க்கை, உழைப்பு, அந்த மாதிரி. அவள் ஒருநாளும் ஒலிவாங்கிக்கு முன்னால் உட்கார்ந்ததில்லை. மாட்டேன் என்றுதான் முதலில் சொன்னாள். பிறகு, ஒருவேளை பதிலை அங்கே வைத்துத்தான் சொல்லப்போகிறானோ என்று தோன்றியதும் சரி என்றாள். அவனுக்கு மற்ற இடங்களில் வார்த்தை வருவதில்லை என்பது அவளுக்குத் தெரியாதா?

பதிவு அறை என்பது வீட்டின் கடைசி அறை. குழந்தைக்கென்று ஒரு காலத்தில் வெளிர்மஞ்சள் பூசியது. இப்போது சுவர் முழுக்கக் கறுப்பு நுரைப்பலகை. கம்பெனி இலவசமாகக் கொடுத்த இரட்டை மெத்தையை ஜன்னலை அடைத்து நிறுத்தி வைத்திருந்தார்கள், தெருச் சத்தம் வராமலிருக்க. அதில் இதுவரை யாரும் படுத்ததில்லை.

வாலு கதவோரம் தரையில் உட்கார்ந்துகொண்டாள். படம் எடுக்க வேண்டியது அவள் பொறுப்பு. கண்டிப்பாகச் சத்தம் வரக் கூடாது என்று மைக் மூன்று விதமாகச் சொன்னான்.

"மூச்சு விடலாமா?" என்று வாலு கேட்டாள்.

"விடு. அண்ணி வெட்டிடுவா."

அவள் ஹெட்போனை மாட்டிக்கொண்டாள். விருந்தாளியும் அவள்தான், சத்தத்தின் அளவைப் பார்ப்பதும் அவள்தான். ஒரு கண் அவன் முகத்தில், ஒரு கண் திரையில் ஓடுகிற அலைகளில்.

அவன் தொடங்கினான். நன்றாகவே தொடங்கினான். விட்டுவிட்டுப் போகிறவர்கள் எல்லோரும் கெட்டவர்கள் இல்லை, முயற்சி செய்து களைத்தவர்கள் என்றான். ஆனால் களைப்பு முடிவு இல்லை, அது ஒரு இடைவேளை என்றான். நாம் வீட்டுக் கடனுக்கும் உடற்பயிற்சிக் கூடத்துக்கும் காட்டுகிற அக்கறையில் பாதியைப் பக்கத்தில் படுத்திருக்கிறவருக்குக் காட்டியிருக்கிறோமா என்று கேட்டான். அவளிடம் சில கேள்விகள் கேட்டான், முதல் சண்டை எதற்கு, யார் முதலில் பேசுவது என்று. அவள் சுருக்கமாகச் சொன்னாள். அவளுடைய குரல் அவளுக்கே அந்நியமாக ஹெட்போனில் கேட்டது. கொஞ்சம் வறண்ட குரல்.

இடையில் அவன் நிறுத்தினான். எதிரே இருந்த குறிப்புத் தாளைத் தள்ளி வைத்தான்.

"இவளுக்கு வேற ஊர்ல வேலை வந்திருக்கு. போகவா இருக்கவான்னு கேட்டா. நான் இன்னும் பதில் சொல்லலை."

வாலு தலையைத் தூக்கினாள்.

"போகாதே," என்றான் அவன். அந்தச் சொல்லின் நடுவிலேயே குரல் பிளந்தது. "நீ போனா எனக்கு... நான் யார்கிட்ட... எனக்கு வீட்ல எப்படிப் பேசறதுன்னே தெரியலை. நீதான் அதை..." மேலே வரவில்லை. மூக்கை உறிஞ்சினான். மூக்குக்கண்ணாடிக்குப் பின்னால் அவன் கண்கள் சிவந்து சிறுத்திருந்தன. மேசைமேல் அவன் கை, வழி தெரியாத பிராணியைப் போலக் கிடந்தது.

அவளுக்கு நெஞ்சுக்குழியில் ஏதோ நழுவியது. எத்தனையோ காலமாகப் பிடித்து வைத்திருந்தது. அவள் வாயைத் திறந்தாள். சொல்லப்போவது என்ன என்று அவளுக்கே தெரியாது. ஆனால் வந்துகொண்டிருந்தது.

அவன் கை தட்டினான்.

ஒரே ஒரு தட்டு. அது அவர்களுக்குள் இருந்த ஏற்பாடு. பேச்சில் எங்கே தடுக்கினாலும் அவன் ஒரு தடவை கை தட்டுவான். திரையில் அந்த இடத்தில் ஊசி மாதிரி ஒரு கோடு எழும்பும். அதற்கு முன்னால் இருப்பது பழுது, வெட்டிவிடு என்று அர்த்தம். வாராவாரம் அந்த ஊசிகளைத் தேடித்தான் அவள் வேலையைத் தொடங்குவாள்.

"குரல் உடைஞ்சிடுச்சு," என்றான். தண்ணீர் குடித்தான். தொண்டையைச் செருமினான். "'போகாதே'லேர்ந்து. மறுபடியும் ஒரு தடவை."

அவள் திரையைப் பார்த்தாள். ஊசி அங்கே குத்திட்டு நின்றது.

"ஓடுது," என்றாள். பதிவு ஓடுகிறது என்பதற்கு அவள் எப்போதும் சொல்கிற சொல். அதுவும் பழக்கம்தான்.

அவன் மூச்சை இழுத்தான். சற்று முன்னால் சாய்ந்தான். "போகாதே," என்றான், தாழ்ந்த குரலில். "நீ போனா இந்த வீட்ல பேச்சு இருக்கும். கேட்க ஆள் இருக்காது. நான் உழைக்கத் தயாரா இருக்கேன். இன்னொரு தடவை, முதல்லேர்ந்து."

அருமையாக இருந்தது. கேட்பவர்கள் வண்டியை ஓரம் கட்டிவிட்டு அழுவார்கள். எவ்வளவு நேரம் விட்டுப் பதில் சொன்னால் நெஞ்சில் இறங்கும் என்பதை அவளைவிட யார் அறிவார்கள்? அவ்வளவு நேரம் விட்டாள்.

"சரி," என்றாள். "போகலை."

மூலையில் வாலு விசும்புவது கேட்டது. அவன் முகம் மலர்ந்தது. விரல் நுனிகளால் அவள் கையைத் தொட்டான்.

பிறகு வழக்கப்படி அறையின் ஓசையைப் பதிவு செய்தார்கள். யாரும் பேசாமல், அசையாமல், வெறும் அறையைச் சற்று நேரம் பதிவு செய்ய வேண்டும். வெட்டிய இடங்களில் அதை வைத்துத்தான் ஒட்டுவாள். அவர்கள் இருவரும் எதிரெதிரே சும்மா உட்கார்ந்திருப்பது வாரத்தில் இந்த ஒரு நேரம்தான். இன்று அவன் அவளைப் பார்த்துப் புன்னகைத்தபடி இருந்தான், பரீட்சை முடிந்தவன் போல. தான் கேட்டுவிட்டோம், அவள் சொல்லிவிட்டாள் என்ற நிம்மதி அந்த முகத்தில் தெரிந்தது. அவன் நடிக்கவில்லை. அதைப் பார்த்தபோதுதான் அவளுக்குப் பயம் வந்தது.

மதியம் அவன் விசிலடித்துக்கொண்டே வெளியே போய்ச் சாப்பாடு வாங்கி வந்தான். மூன்று பேருக்கு ஆறு பேர் சாப்பிடுகிற அளவுக்கு. வாலு கண்ணும் மூக்கும் சிவக்க, ஊருக்குத்தான் உபதேசம்னு இத்தனை நாளா உன்னைக் கிண்டல் பண்ணிட்டேன்டா அண்ணா, மன்னிச்சுக்கோ என்றாள். அவன் பெருந்தன்மையோடு தலையாட்டினான். சாப்பிட்டு முடித்ததும் கருவிப் பெட்டியை எடுத்துக்கொண்டு பால்கனிக்குப் போனான். இரண்டு மழைக்காலமாகச் சாத்த முடியாமல் இருந்த கதவை இன்றே சரிசெய்துவிடப் போகிறானாம்.

அவள் வெட்டுவதற்கு உட்கார்ந்தாள்.

ஊசியைக் கண்டுபிடித்தாள். அதற்கு முன்னாலிருந்து ஓட்டினாள். போகாதே. பிளந்த குரல். நான் யார்கிட்ட. மூக்கு உறிஞ்சல். அதற்கப்புறம் வந்த இடைவெளியில், மிகவும் தணிந்து, இன்னொரு ஓசை இருந்தது. அது அவளுடையது. சொல்ல வாய் திறந்தவளின் மூச்சு. பிறகு ஊசி.

அவன் பொய் சொல்லவில்லை. இதில் பொய்யே இல்லை. பொய்யாக இருந்திருந்தால் சண்டை போடலாம், வாலுவைக் கூப்பிட்டு நியாயம் கேட்கலாம். உண்மை ஒன்று அவன் வாயிலிருந்து தவறி விழுந்தது, பழுது என்று அவனே அதை ஒதுக்கிவிட்டான். இனிமேலும் அப்படித்தான். உடைகிற குரலெல்லாம் அவனுக்குப் பழுது.

நான் மட்டும் என்ன? என்று நினைத்துக்கொண்டாள். அவன் தட்டினால் தட்டட்டும், அந்த நேரத்திலேயே நான் சொல்லவந்ததைச் சொல்லியிருக்கலாமே. ஓடுது என்றுதானே சொன்னேன். அளந்து, நேரம் பார்த்து, போகலை என்று சொன்னது யார்? அந்தக் குரலில் ஒரு பிசிறு இல்லை. வெட்ட ஒன்றுமே இல்லை.

ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டு அந்த அலுவலகத்துக்குப் பேசினாள். எடுத்தவள் அங்கே தலைமைப் பொறுப்பில் இருக்கிறவள், கறாரான குரல். நேர்முகத்தின்போதே சொல்லியிருந்ததை மறுபடியும் சொன்னாள். இரைச்சலைக் குறைக்கலாம், எதையும் வெட்டக் கூடாது, ஒரு மூச்சைக்கூட, சட்டம் அப்படி. திங்கட்கிழமை சேர முடியுமா என்று கேட்டாள்.

"முடியும். ஞாயிற்றுக்கிழமை கிளம்பறேன்," என்றாள் அவள். சொல்லி முடித்த பிறகும் போனைக் காதிலேயே வைத்திருந்தாள்.

சோபாவில் வாலு வாயைத் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தாள். பால்கனியில் அவன் முக்காலிமேல் நின்று கதவின் கீலோடு போராடிக்கொண்டிருந்தான். வாயில் இரண்டு திருகாணிகள். அவள் வந்து நின்றதும், பிடிச்சுக்கோ என்று கதவைக் காட்டினான். அவள் பிடித்துக்கொண்டாள்.

"வேலைக்கு வர்றேன்னு சொல்லிட்டேன்," என்றாள்.

அவன் திருகாணிகளை உள்ளங்கையில் துப்பினான். "எந்த வேலைக்கு?"

அவன் முக்காலியிலிருந்து இறங்கினான்.

"காலைல போகலைன்னு சொன்னியே."

"அது ரெண்டாவது டேக்."

அவனுக்குப் புரியச் சற்று நேரமாயிற்று. புரிந்ததும் முகத்தில் முதலில் வந்தது கோபம் இல்லை, ஒரு மாதிரிக் கூச்சம். சட்டைப் பொத்தான் திறந்திருப்பதை யாரோ சொன்னது போல.

"முதல்ல சொன்னேனே, அது நிஜம்," என்றான்.

"தெரியும்."

"தெரிஞ்சுமா?"

"எனக்குத் தெரிஞ்சுது. உனக்குத்தான் தெரியலை."

"கைப்பழக்கம். குரல் உடைஞ்சா கை தானா வந்துடுது. அதுக்குப் போய் யாராவது..."

"அதுக்குப் போய் இல்லை."

கீழே தெருவில் யாரோ வண்டியைக் கிளப்ப முயன்றுகொண்டிருந்தார்கள். அது இருமிவிட்டு நின்றது. மறுபடி இருமியது. கதவின் எடை அவள் தோளில் இறங்கிக்கொண்டிருந்தது. இருவரும் வெகுநேரம் அப்படியே நின்றார்கள். இப்படி ஒரு மௌனத்தை அவன் விட்டுவைத்ததே இல்லை. எதையாவது சொல்லி நிரப்பிவிடுவான். இன்று நிரப்பாமல் நின்றான். அவள் காத்திருந்தாள். நம்பிக்கையோடு இல்லை, ஆனாலும் காத்திருந்தாள்.

"இப்ப சொல்லட்டுமா?" என்று கேட்டான்.

"சொல்லு."

அவன் கையிலிருந்த திருப்புளியைக் கீழே வைத்தான். அவள் முகத்தைப் பார்த்தான்.

"போகாதே. நீ போனா இந்த வீட்ல பேச்சு இருக்கும், கேட்க..."

நிறுத்திவிட்டான். அவன் காதிலேயே அது விழுந்துவிட்டது. அதே தாழ்ந்த குரல். அதே இடத்தில் அதே மூச்சு. இன்னொரு தடவை வாயைத் திறந்தான். நெற்றியைச் சுருக்கி, சாவியை எங்கோ வைத்துவிட்டவன் போல யோசித்தான்.

"முதல்ல நான் என்ன சொன்னேன்?" என்று கேட்டான்.

"உள்ளே இருக்கு. கேட்கிறியா?"

அவன் வேண்டாம் என்று தலையசைத்தான். பிறகு முக்காலியில் உட்கார்ந்தான். கைகளைத் தொடைகளுக்கு அடியில் வைத்துக்கொண்டான்.

அவள் கதவை மெதுவாகச் சுவரில் சாய்த்துவிட்டு வந்தாள். அவன் தலையைத் தொடலாமா என்று நினைத்தாள். தொட்டால் அவன் ஏதாவது நல்லதாகச் சொல்லிவிடுவான். தொடவில்லை.

கூடத்தில் வாலு எழுந்து போனில் பேசிக்கொண்டிருந்தாள். தூக்கம் கலைந்த முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். அண்ணியைப் பார்த்ததும் போனை நெஞ்சோடு அழுத்திக்கொண்டு, நீங்க போகலைன்னு அம்மாகிட்ட மத்தியானமே சொல்லிட்டேன் அண்ணி, அப்பவே வீட்டைக் காலி பண்றேன்னு வீட்டுக்காரர்கிட்ட சொல்லிட்டாங்க என்றாள்.



மாமியாருக்கு முழங்கால் அறுவைக்குப் பிறகு தனியாக இருக்க முடியவில்லை. குடியிருந்த வீட்டையும் காலி செய்து தரச் சொல்லி வீட்டுக்காரர் கேட்டுக்கொண்டிருந்தார். வாலு இருப்பது விடுதியில். ஆனாலும் இங்கே வந்துவிட அந்த அம்மாள் மாதக்கணக்கில் பிடிகொடுக்கவில்லை. மருமகள் இருந்தால் வருகிறேன், அவன்கூடத் தனியாக என்றால் ரேடியோ பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார வைத்த மாதிரிதான், அணைக்கிற குமிழும் கிடையாது என்பார். இவள் வேறு ஊருக்குப் போகலாம் என்று தெரிந்ததிலிருந்து அந்தப் பேச்சையே எடுக்கவில்லை.

சாவியைக் கொடுத்தாயிற்றாம். கட்டிலையும் அலமாரியையும் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிட்டாராம், கிளம்புகிற வரைக்கும் அங்கேதான் படுக்கையாம். சனிக்கிழமை காலை வண்டி. வாலு ஒரே மூச்சில் சொல்லி முடித்தாள்.

பால்கனி வாசலில் அவன் வந்து நின்றான். எல்லாவற்றையும் கேட்டிருந்தான். தங்கையைப் பார்த்தான், மனைவியைப் பார்த்தான். ஏதோ சொல்லப் போகிறான் என்று அவள் நினைத்தாள். அவன் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"உங்ககிட்டதான் பேசணுமாம்," என்று வாலு போனை நீட்டினாள்.

அவள் வாங்கிக் காதில் வைத்தாள்.

"நீ இருக்கேன்னுதான்மா வர்றேன்," என்றார் மாமியார். குரல் களைத்திருந்தது, ஆனால் அதில் ஒரு இளக்கம். "அவனுக்காக இல்லை, அவன் காதுல விழுந்தாலும் பரவாயில்லை. கால் இன்னும் மடங்க மாட்டேங்குது. படியேற ஒரு கை வேணும். சனிக்கிழமை நான் வர்றப்ப நீ வீட்ல இருப்பேல்ல?"

வாலு சிரித்துக்கொண்டிருந்தாள். அவன் தரையைப் பார்த்தான்.

சனிக்கிழமை இருப்பாள். அது பொய் இல்லை.

"இருப்பேன் அத்தை," என்றாள்.

"அது போதும்," என்றார் மாமியார். "அதுக்கு மேல நான் யார்கிட்டயும் ஒண்ணும் கேட்கலை."